வேகமாக ஓடும் அறிவியல்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நூலகக் கூட்டமோ கல்லூரி விழாவோ எங்கே போனாலும் என்னிடம் வந்து விழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் செய்தித்தாளில் ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களும், மில் நடத்துபவர்களும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நினைப்பவர்களும் கேட்டவற்றைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

வேகமாக வளரும் துறை என்று எதை வைத்துங்க சொல்கிறார்கள்?

எத்தனை ஆய்வுக் கட்டுரை வந்தது என்று எண்ணிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு வேலைக்கு ஆகும் நேரமோ செலவோ பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாகச் சட்டென்று குறைந்தால் அந்தத் துறை ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வேன். மனித மரபணுத் தொகுதியை முதன்முதலாகப் படிக்க 1990 முதல் 2003 வரை ஆனது. செலவு சுமார் 300 கோடி டாலர். இன்று ஒருவருடைய தொகுதியை ஆயிரம் டாலருக்குள், சில நாட்களில் படித்துவிடலாம்.

ஆனால் ஒரு படி வேகமானால் நெரிசல் அடுத்த படியில் போய்ச் சேரும். படித்தாயிற்று, சரி. படித்ததில் எந்த மாற்றம் எந்த நோய்க்குக் காரணம்? அந்த வேலை இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது. யார் எந்தத் துறையைப் பற்றிக் கேட்டாலும் அதில் எந்தப் படி ஓடுகிறது, எந்தப் படி நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தக் கணக்குதான்.

புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாமே. அப்புறம் மருந்து வர ஏன் இத்தனை வருஷம்?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது சரியான வடிவில் மடிந்தால்தான் உடலில் வேலை செய்யும். சங்கிலி இஷ்டத்துக்கு மடியாது, சில கோணங்களுக்குத்தான் இடமுண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963இல் அதை வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் யார் புதிதாக ஒரு புரத வடிவத்தை வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

சோதனை செய்து ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வு மாணவரின் சில வருடங்கள் போய்விடும். உலகம் முழுக்கச் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளில் சுமார் இரண்டு லட்சம் வடிவங்களைத்தான் சேர்த்தார்கள். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2020இல் வடிவக் கணிப்புப் போட்டியில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணித்த வடிவங்களை இலவசமாகவே வெளியிட்டார்கள். அதற்காக டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024இன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் மருந்து தேடும் வேலையின் முதல் சில ஆண்டுகள் சுருங்குகின்றன. மருந்து எங்கே ஒட்டும் என்று ஊகிக்கலாம். ஒட்டிய மருந்து கல்லீரலைக் கெடுக்குமா, உடல் அதை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றும் என்பதெல்லாம் வடிவத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு மருந்து இரண்டு வருடம் கழித்து என்ன செய்கிறது என்று பார்க்க இரண்டு வருடம் ஆகத்தான் செய்யும். எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் குறைத்துவிடவில்லை.

மரபணு திருத்திய நெல் வந்துவிட்டதாமே, அதுவும் பி.டி. பருத்தியும் ஒன்றுதானுங்களே?

இல்லை. கீழ்பவானி, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் நெல் வைப்பவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தார்கள். மரபணு திருத்தத்தில் செடியின் சொந்த மரபணுவையே ஓரிடத்தில் வெட்டி, அதன் வேலையை நிறுத்துகிறார்கள் அல்லது மாற்றுகிறார்கள். வெட்டும் கருவிக்கு கிரிஸ்பர் என்று பெயர். அதை உருவாக்கிய எமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரும் 2020இல் நோபல் பெற்றார்கள். வேற்று உயிரின் மரபணு கடைசியில் செடிக்குள் இல்லாவிட்டால், மரபணு மாற்றுப் பயிருக்கான கடும் விதிகளில் இருந்து விலக்கு உண்டு என்று மத்திய அரசு 2022 மார்ச்சில் அறிவித்தது.

2025 மே 4 அன்று இரண்டு ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று ஐதராபாத்தில் சம்பா மசூரியில் இருந்து உருவாக்கிய கமலா. இன்னொன்று தில்லியில் எம்.டி.யு. 1010இல் இருந்து உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. நம்மவர்கள் பிபிடி என்று சொல்கிறார்களே, அதுதான் சம்பா மசூரி. கமலா அதைவிட 19 சதவீதம் கூடுதலாக விளையும், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்று அறிவிப்பு சொல்கிறது. சோதனைத் தரவுகள் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை என்று எதிர்ப்புக் குழுக்கள் சொல்கின்றன. வயல்வாரியான தரவுகளை முழுசாக வெளியிட்டுவிட்டால் இந்தச் சண்டையில் பாதி தீரும் என்பது என் கருத்து. கிரிஸ்பர் காப்புரிமை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறது. அந்தக் கணக்கும் தீர வேண்டும். அதனால் விதை எப்போது கைக்கு வரும் என்று கேட்டால், செய்தி வந்த வேகத்தில் வராது.

நெல்லில் முடிந்தது கரும்பில் ஏன் முடியவில்லை? கரும்பு ஆராய்ச்சி நிலையம் நம் கோயமுத்தூரில்தானே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோவையின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கியது. இங்கே ஏன் வைத்தார்கள் என்றால், கரும்பு கோவையில் நன்றாகப் பூக்கும், விதையும் பிடிக்கும். நாம் கரணை வெட்டி நடுவதால் கரும்புக்கு விதை உண்டு என்பதையே மறந்துவிடுகிறோம். வெள்ளிநிறத் தோகைப் பூவை உதிர்த்தால் பஞ்சு மாதிரி வரும். உள்ளே கண்ணுக்குத் தெரிவதே சிரமமான விதை இருக்கும். இனிப்புள்ள கரும்பையும், இனிப்பில்லாத ஆனால் எதையும் தாங்கும் காட்டு இனத்தையும் கலந்து, பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் இங்கே உருவாக்கிய கோ 205 ரகம் பஞ்சாப் பகுதிக்கு 1918இல் போனது. இன்றைக்கும் பிற மாநில இனப்பெருக்காளர்கள் பூக்கும் காலத்தில் கோவைக்கு வந்து இனக்கலப்பு செய்துகொண்டு போகிறார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் வேலை பார்த்த இடமும் இதுதான்.

அந்தக் கலப்பில்தான் இன்றைய சிக்கலும் இருக்கிறது. நமக்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு நகல். அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று. நெல்லுக்கும் அப்படித்தான். பயிரிடும் கரும்பில் ஒரே மரபணு பத்து, பன்னிரண்டு நகல் இருக்கும், சில மரபணுக்கள் அதற்கும் மேலே, அதிலும் சில இனிப்புக் கரும்பில் இருந்து, சில காட்டுக் கரும்பில் இருந்து. ஆர் 570 என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து படித்து 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுமார் 870 கோடி எழுத்துகள், 114 குரோமோசோம்கள். மனிதனுக்கு 46தான். அரிசியின் தொகுதி ரெடியாகி இருபது வருடம் ஆனபிறகுதான் இது வந்தது.

ஆக, நெல்லில் ஒரு மரபணுவை நிறுத்த இரண்டு இடத்தில் வெட்டினால் போதும். கரும்பில் ஒரு நகல் தப்பினாலும் அது வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு குழு, இலைக்குப் பச்சை நிறம் தரும் ஒரு மரபணுவின் 49 நகல்களை ஒரே தடவையில் வெட்டிக் காட்டியது. இலை பச்சையிழந்து மஞ்சளாகிவிட்டது. தோட்டத்தில் கரும்பு மஞ்சளானால் நமக்கு வயிற்றைக் கலக்கும்; அவர்களுக்கு அதுதான் வெற்றி. எல்லா நகலும் வெட்டுப்பட்டதற்குச் சாட்சி.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில். அப்புறம் நாற்று, வயல் சோதனை, மறுதாம்பு (வெட்டிய கட்டையில் இருந்து மறுபடி தழைக்கும் பயிர்), ஆலையில் சர்க்கரைக் கட்டுமானம் (எவ்வளவு சர்க்கரை தேறும் என்பது), செவ்வழுகல் நோய்த் தாங்குதிறன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வழக்கமான முறையிலேயே ஒரு ரகம் வெளிவர 12, 14 வருடம் ஆகிறது. அதில் வெட்டும் வேலையைச் சில மாதம் சுருக்கினாலும், மறுதாம்பு எப்படி வரும் என்பதைப் பார்க்க மறுதாம்பு வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்.

பொள்ளாச்சித் தென்னைக்கு வந்த வேர் வாடலுக்கு மருந்து ஏன் இன்னும் இல்லை?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும், நியாயமான கோபம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மரத்தைப் பார்த்தால் நடுவில் உள்ள ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்து தொங்கும், கீற்று நுனி மஞ்சளாகும், குரும்பை உதிரும். மரம் உடனே சாகாது. காய்ப்புக் குறைந்துகொண்டே வருடக்கணக்கில் நிற்கும், பக்கத்து மரத்துக்கும் பரவும். கேரளாவில் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். செல்சுவர் இல்லாத பாக்டீரியா வகை. மரத்தின் உணவுக் குழாய்க்குள் இருக்கும், சாறு உறிஞ்சும் கண்ணாடி இறக்கைப் பூச்சி, தத்துப்பூச்சி போன்றவை அதைப் பரப்பும். பிரச்சினை என்னவென்றால், இதைக் கண்ணாடித் தட்டில் தனியாக வளர்க்க முடியவில்லை. பாக்டீரியாவைத் தனியாக வளர்த்தால்தான் எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கலாம். மரத்துக்குள் மட்டும் வாழ்வதால் ஒவ்வொரு சோதனைக்கும் மரமே வேண்டும். தென்னை காய்ப்புக்கு வரவே நான்கைந்து வருடம் ஆகும். டெட்ராசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் போட்டால் அறிகுறி சற்றுக் குறையும். நிறுத்தினால் திரும்பி வரும். இளநீர் குடிக்கும் மரத்தில் அதை ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது வேகமாக முன்னேறுவது கண்டறியும் வேலைதான். அறிகுறி தெரியும் முன்பே மரத்தில் நோய் இருக்கிறதா என்று டி.என்.ஏ. சோதனையில் சொல்லிவிடலாம். தாங்கும் மரங்களைத் தேடிப் பெருக்குவது மெதுவான பாதி. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி மையம் கல்பரட்சா, கல்பஸ்ரீ போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறது. நாற்றுக்கு அடிபிடி. ஒரு தாய்மரம் வருடத்துக்கு எண்பது, நூறு காய்தான் தரும், அவ்வளவுதான் நாற்று. வாழை மாதிரித் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கத் தென்னை பிடி கொடுக்கவில்லை. 2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு ஒரு குருத்தில் இருந்து பல குருத்துகளை எடுக்கும் வழியை வெளியிட்டது. அது நம் நாற்றங்காலுக்கு வந்து சேர்ந்தால்தான் பேச்சு. அதுவரை நோய் முற்றிய, காய்க்காத மரத்தை அகற்றுவதும், உரமும் நீரும் பார்த்து மற்றதைத் தேற்றுவதும்தான்.

மஞ்சளில் புற்றுநோய் குணமாகும் என்று ஆராய்ச்சி வந்திருக்கிறதே?

ஈரோட்டுக்காரர்களிடம் இதற்குப் பதில் சொல்ல எனக்கே சங்கடம். மண்டியில் விரலி, கிழங்கு விலை ஏறும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்பார்கள்.

மஞ்சளில் உள்ள கர்க்குமின் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உண்டு. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அத்தனையையும் அலசி ஒரு மதிப்பாய்வு எழுதினார்கள். குடலில் இருந்து இரத்தத்துக்குள் கர்க்குமின் மிகக் குறைவாகவே போகிறது, சீக்கிரம் சிதைந்தும்விடுகிறது. இன்னொரு சங்கதியும் உண்டு: கர்க்குமின் தானாகவே ஒளிரும், கிடைத்த புரதத்திலெல்லாம் ஒட்டும். ஆய்வகத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதே பல நேரம் ஒளியை வைத்துத்தான். அதனால் வேலை செய்யாவிட்டாலும் செய்வது போலக் காட்டும். அதுவரை நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடந்த எதிலும் தெளிவான வெற்றி இல்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

குழம்பில் போடுங்கள், ஒரு குறையும் இல்லை. மிளகுச் சத்து சேர்த்த கர்க்குமின் மாத்திரையைக் கைநிறைய விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. புற்றுநோய் சிகிச்சையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்புவது உயிரோடு விளையாடுவது.

எடை குறைக்கும் ஊசி பற்றி?

செமாகுளுடைடு, டிர்செபடைடு. சர்க்கரை நோய்க்கு வந்து, எடைக்குப் பரவியவை. செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை உள்ள நாட்டில் இதன் விலைதான் இனிப் பெரிய கதை. காப்புரிமை முடிந்த மருந்தில் இந்தியக் கம்பெனிகள் விலையை உடைக்கும். டாக்டர் எழுதாமல் போடாதீர்கள்.

மரபணு நோய்களையே திருத்திவிடலாமாமே?

சிலவற்றை. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கு கிரிஸ்பர் சிகிச்சை ஒன்றை 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானதே 1952இல், நம் தலைக்கு மேலே நீலகிரியில், பழங்குடி மக்களிடம்தான். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபினை மறுபடி ஊற விடுமாறு திருத்தி, கீமோ கொடுத்து இடம் காலிசெய்து, திரும்ப ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். தில்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் ஒன்று குறைந்த செலவில் இதைச் செய்யப் பார்க்கிறது. அதுவரை கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும், ஹைட்ராக்ஸியூரியா என்ற மலிவான மாத்திரை தவறாமல் கிடைப்பதும்.

34 சதவீதம் தரும் சோலார் பேனல் வருகிறதாம். மில் கூரையில் போடக் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 34.85 சதவீதம் என்பது சீனாவின் லோங்கி நிறுவனம் 2025இல் அறிவித்த சாதனை. அது விரல்நகம் அளவுள்ள சின்னச் சில்லில் அளந்தது. சிலிக்கானுக்கு மட்டும் கோட்பாட்டு உச்சம் 29.4 சதவீதம். அதன் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு படலத்தைப் பூசினால், மேல் படலம் நீல ஒளியையும் கீழ் படலம் சிவப்பு ஒளியையும் பிடிக்கும். அதனால் உச்சம் உயர்கிறது. 2009இல் பெரோவ்ஸ்கைட் வெறும் 3.8 சதவீதத்தில் தொடங்கியது. இவ்வளவு வேகத்தில் ஏறிய சோலார் பொருள் வேறில்லை.

ஆனால் ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கேட்கிறோம். ஆய்வகத்தில் 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் ஆயிரம் மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அது தோராயம்தான், பல்லடத்து ஏப்ரல் வெயிலில் கூரைமேல் பத்து வருடம் கிடப்பதற்கு ஈடாகாது. இப்போது கிடைக்கும் சிலிக்கான் பேனலைப் போட்டு, மிச்சமாகும் கரண்ட் பில்லை எண்ணுங்கள்.

சோடியம் பேட்டரி பற்றியும் இதோடு கேட்பார்கள். லித்தியத்துக்குப் பதில் உப்பில் இருக்கும் சோடியம், அதனால் மூலப்பொருள் மலிவு. எடை கொஞ்சம் கூடும். மைனஸ் 40 டிகிரியிலும் வேலை செய்யும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஊட்டியில்கூட அது நமக்குத் தேவைப்படாது.

அறை வெப்பநிலையில் மீக்கடத்தி கண்டுபிடித்ததாகச் சொன்னார்களே, என்ன ஆச்சு? மோட்டார் தொழிலுக்கு நல்லதுதானே?

மீக்கடத்தி என்றால் மின்தடை அறவே இல்லாத பொருள். 2023 ஜூலை 22 அன்று கொரியக் குழு ஒன்று எல்.கே. 99 என்ற கருநிறக் கட்டி 127 டிகிரி சூடு வரைக்கும் மீக்கடத்தி என்று, சக ஆய்வாளர் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போட்டது. காந்தத்தின் மேல் கட்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும் வீடியோவும் வந்தது. வைண்டிங்கில் சூடே ஏறாத மோட்டார் என்றால் கோவைக்காரனுக்குக் காது நிமிரத்தானே செய்யும்.

உலகம் முழுக்க அதைச் செய்து பார்த்தார்கள். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்து, மீக்கடத்தல் இல்லை என்றது. மர்மம் எங்கே என்றால், கட்டிக்குள் காப்பர் சல்ஃபைடு அழுக்கு கலந்திருந்தது. 104 டிகிரிக்குப் பக்கத்தில் அதன் அமைப்பு மாறும். அப்போது மின்தடை சடாரென்று விழும். அதைத்தான் மீக்கடத்தல் என்று நினைத்துவிட்டார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அழுக்கே இல்லாமல் அந்தப் படிகத்தை வளர்த்தபோது ஊதா நிறத்தில், ஒளி புகும் கண்ணாடி மாதிரி வந்தது. மின்சாரம் அதில் போகவே இல்லை. ஆகஸ்ட் நடுவில் விஷயம் முடிந்தது. சுமார் நான்கு வாரத்தில் ஒரு பொய்யைக் கழித்துக்கட்டியதை நான் அறிவியலின் தோல்வியாகப் பார்க்கவில்லை. அதே வருடம் நேச்சர் இதழில் மார்ச்சில் வந்த வேறொரு அறைவெப்ப மீக்கடத்திக் கட்டுரை, நவம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது.

சத்தமில்லாமல் ஓடும் வேலை வேறு. நிக்கல் ஆக்சைடு வகை ஒன்று, கடும் அழுத்தத்தில் 80 கெல்வினில் (மைனஸ் 193 டிகிரி) மீக்கடத்துகிறது என்று 2023இல் தெரிந்தது. ஆனால் மோட்டார் என்று வரும்போது பழைய அனுபவத்தை மறக்கக் கூடாது. திரவ நைட்ரஜன் குளிரில் வேலை செய்யும் பீங்கான் மீக்கடத்தி 1987இல் வந்தது. மட்பாண்டம் மாதிரி நொறுங்கும் அதை நாடாவாக இழுக்கவே இருபது வருடம் ஆனது; போர்வெல் மோட்டாரில் செம்பைத்தான் இன்னும் சுற்றுகிறோம்.

பாலியெஸ்டரைத் தின்னும் நொதி இருக்கிறதாம். திருப்பூர் வேஸ்ட் பிரச்சினை தீருமா?

தின்னும் பாக்டீரியாவை 2016இல் ஜப்பானின் சகாய் நகரத்தில், பிளாஸ்டிக் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்தில் கண்டுபிடித்தார்கள். இலைக் குப்பையில் கிடைத்த வேறொரு நொதியைத் திருத்தி, பாட்டில் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தைப் பத்து மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள் பிரான்சின் கார்பியோஸ் குழுவினர்; இது 2020இல். பாட்டிலும் துணியும் ஒரே பிளாஸ்டிக்தான். ஆனால் நூலாக இழுக்கும்போது மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிவிடும், நொதி உள்ளே நுழைய இடம் இருக்காது. முதலில் உருக்கிச் சட்டென்று குளிரவைத்து, பொடித்துத்தான் போட வேண்டும். அந்தச் செலவுதான் இடிக்கிறது.

திருப்பூர் பெரும்பாலும் பருத்தி. கட்டிங் வேஸ்ட்டைக் குடோனில் நிறம் நிறமாகப் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, பல்லடம், உடுமலை, வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாக்குவது இங்கே பழைய தொழில். நிறத்தோடு வருவதால் சாயமே போட வேண்டாம். பெயர் வைக்காமல் செய்த மறுசுழற்சி. கெடுப்பது லைக்ரா என்ற இழுபடும் நூல். நூற்றில் ஐந்து பங்கு கலந்தாலும் பிய்க்கும் இயந்திரத்தில் இழுபட்டு முடிச்சாகிவிடும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் லைக்ராவையும் தனித்தனியாகக் கரைத்துப் பிரிக்கும் கரைப்பான்கள்தான் இப்போது சூடான ஆராய்ச்சி. ஆய்வகத்தில் வேலை செய்கிறது. சந்தை வேறு கதை: பழைய பருத்தியில் இருந்து கூழ் செய்த சுவீடன் நிறுவனம் ரெனியூசெல், தொழில்நுட்பம் ஓடியும் வாங்க ஆளில்லாமல் 2024 பிப்ரவரியில் திவாலானது.

தண்ணீரே இல்லாத சாயம்?

அழுத்திய கார்பன் டை ஆக்சைடில் சாயம் போடும் முறை உண்டு. நன்றாக வேலை செய்வது பாலியெஸ்டருக்கு. பருத்திக்கு இன்னும் சரிவரவில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின் வந்த முறையில் தண்ணீரை ஆர்.ஓ. வைத்து மீட்கிறார்கள், கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்பதுதான் நொய்யல் கரையின் உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி.

ஏ.ஐ. மழையைச் சரியாகச் சொல்லிவிடுமா?

பெரிய அமைப்புகளை நன்றாகச் சொல்கிறது. கிராஃப்காஸ்ட் என்ற நிரல், நாற்பது வருட வானிலைப் பதிவுகளைப் படித்துக் கற்று, பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் கொடுக்கிறது. சூப்பர் கம்ப்யூட்டர் பல மணி நேரம் அரைக்கும் வேலை. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் தன் ஏ.ஐ. கணிப்பை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது.

ஆனால் கிராஃப்காஸ்ட் உலகத்தைச் சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நமக்கு வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான். சிறுவாணி அடிவாரத்தில் ஊற்றும்போது சூலூரில் தூறல்கூட இருக்காது; நிரலுக்கு இரண்டும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். கோடை இடிமழையும் அதற்குப் பிடிபடுவதில்லை. ஒரு வாரத்துக்கு மருந்தடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். உங்கள் காட்டில் நாளை மாலை பெய்யுமா என்றால் மேகத்தைப் பாருங்கள். கட்டத்தைச் சிறிதாக்க இன்னும் மழைமானிகள் வேண்டும், அந்த வேலையை ஏ.ஐ. செய்யாது.

கொடுமணல் அகழாய்வில் கிடைத்த எலும்பில் டி.என்.ஏ. எடுத்து நம் முன்னோர் யாரென்று சொல்லலாமா?

சூடான ஊரில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும், அதுதான் தடை. சைபீரியக் குளிரில் கிடைப்பது சென்னிமலைப் பக்கத்துச் சிவப்பு மண்ணில் கிடைக்காது. உள்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பில் ஓரளவு மிஞ்சும் என்று கண்டுபிடித்தபின் வெப்பநாட்டு முயற்சிகள் கூடியிருக்கின்றன. கிடைத்தாலும் அது ஒருவரின் கலப்பு வரலாற்றைச் சொல்லும். சாதியைச் சொல்லாது. கேட்கிறவர்கள் பலர் அதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அணுக்கரு இணைவு, குவாண்டம் கம்ப்யூட்டர்?

2022 டிசம்பரில் அமெரிக்காவில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றல் எடுத்தார்கள். அந்த லேசரை இயக்க வாங்கிய மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். குவாண்டத்தில் பிழைதிருத்தம் முன்னேறுகிறது. அன்றாட வேலைக்கு இன்னும் ஆகாது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஒரு செய்தி உண்மையா என்று சாதாரண ஆள் எப்படிப் பார்ப்பது?

எலியில் செய்ததா மனிதரில் செய்ததா, எத்தனை பேரில் செய்தார்கள், வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்ததா என்ற மூன்றையும் பார்த்தாலே முக்கால்வாசி வடிகட்டிவிடலாம். ஆர்கைவ், பயோஆர்கைவ் போன்ற தளங்களில் வருவது சரிபார்க்கும் முன்பே வருவது. சரிபார்த்து வந்தால் மட்டும் வேதவாக்கு என்றும் இல்லை: 2023இல் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, பெரும்பாலானவை காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரிக்கும் கூட்டத்தின் வேலை.

படிக்கக் காசு கேட்கும் இதழ்களுக்கு, 2025 முதல் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. கொங்கு நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது தனியார் கல்லூரியில். முதல் கட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இது அநியாயம் என்று நினைக்கிறேன். பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கலைக் கல்லூரியிலோ தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள். கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டாலும் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

பெண் பிளஸ் டூ முடிக்கிறாள். இதில் எந்தத் துறை எடுத்தால் வேலை கிடைக்கும்?

துறைப் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். இன்று தலைப்பில் இருக்கும் துறை அவள் முனைவர் பட்டம் வாங்கும்போது வேறு பெயரில் இருக்கும். மரபணுவியல் என்று பெயர் போட்ட புதுப் பட்டப்படிப்பைவிட, நல்ல ஆய்வுக்கூடம் உள்ள சாதாரண பி.எஸ்சி. தாவரவியலோ வேதியியலோ மேல். எதை எடுத்தாலும் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். மெதுவாக நகரும் படிகளில்தான் ஆள் தேவை அதிகம்: வயல் சோதனை, மருந்துச் சோதனை, அளவீடு, திசு வளர்ப்பு.

பட்டப்படிப்பின் நடுவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் வேலை, கையில் பணமும் வரும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதனால் முதல் வருடத்திலேயே யாரையாவது போய்ப் பார்த்துப் பழகி வைத்துக்கொள்ளட்டும்.